கோல் போட்டவரும் ஆள் போட்டவரும்

(பட்டிமன்றத் தலைப்பு: கால்பந்தில் ஒரு நாட்டுக்கு உலகக் கோப்பையைப் பெற்றுத் தருவது தனி வீரரின் திறமையா? பயிற்சியாளரின் தேர்வா? ‘பயிற்சியாளரின் தேர்வே’ என்ற அணியில் நிறைவாகப் பேசியது.)

அன்பு நிறைந்த நடுவர் ஐயா அவர்களே! எங்களுக்கு மூன்று கோல் போட்டுவிட்டோம் என்ற நினைப்பிலே சாய்ந்து உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) என் அணித் தோழர்களே! அரங்கத்திலே திரண்டிருக்கிற பெருமக்களே! வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலே, குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே! 

எனக்கு முன்னாலே பேசிய தம்பி பிரமாதமாகப் பேசினார். பீலே, மாரடோனா, ஜிடேன், மெஸ்சி என்று பெயர் பெயராகச் சொல்லி அர்ச்சனையே நடத்திவிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் நீங்களும் கைதட்டினீர்கள். நான் இறங்கி வந்த தம்பியிடம் மெதுவாக ஒன்று கேட்டேன். “ஏன் தம்பி, 1998-லே பிரான்சு கோப்பையை வாங்கினப்போ பயிற்சியாளர் யாரு?” தம்பி மேலே பார்த்தார். கீழே பார்த்தார். அப்புறம் தண்ணீர் குடித்தார். (சிரிப்பு)

தம்பி மேலே தப்பில்லை, நடுவர் அவர்களே. நம்ம வீட்டுப் பழக்கம் அது. மதியம் இலையிலே உட்காருகிறோம். கத்தரிக்காய்க் கூட்டு நன்றாக இருக்கிறது. நாம என்ன சொல்றோம்? “ஆகா, கத்தரிக்காய் நல்ல பிஞ்சு!” உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சு. அப்ப என்ன சொல்றோம்? “யாரு சமைச்சது?” (பலத்த சிரிப்பு, கைதட்டல்) நல்லா இருந்தா பேரு கத்தரிக்காய்க்கு. கெட்டுப்போனா பேரு சமைச்சவளுக்கு. அதே கதைதான் கால்பந்திலும். ஜெயிச்சா கோல் போட்டவர் படம் முதல் பக்கத்திலே. தோத்தா மறுநாளே பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பு!

நடுவர்: ஐயா, உங்க வீட்டுக் கத்தரிக்காயை விட்டு மைதானத்துக்கு வாங்க. (சிரிப்பு)

வந்துவிட்டேன் ஐயா. எதிரணியிலே பேசிய சகோதரி ஒரு வலுவான வாதத்தை வைத்தார்கள். “உலகத்திலேயே சிறந்த வீரர் எந்த அணியிலே இருக்கிறாரோ அந்த அணி ஜெயிக்கும். அதனாலேதான் அவருக்குத் தனிப் பரிசே கொடுக்கிறார்கள்” என்றார்கள். சரி, அந்தப் பரிசுக் கணக்கையே பார்த்துவிடுவோம்.

உலகக் கோப்பைப் போட்டியிலே மிகச் சிறந்த ஆட்டக்காரருக்குத் தங்கப் பந்து என்று ஒரு பரிசு, 1982-லிருந்து கொடுக்கிறார்கள். 1998-லே அதை வாங்கியவர் பிரேசிலின் ரொனால்டோ. கோப்பையை வாங்கியது பிரான்சு. 2002-லே தங்கப் பந்து ஜெர்மனியின் கோல்கீப்பர் ஆலிவர் கான். கோப்பை பிரேசிலுக்கு. அதிலும் ஒரு வேடிக்கை. அந்த இறுதி ஆட்டத்திலே ரிவால்டோ அடித்த பந்து அதே கானின் கையிலிருந்து நழுவியது. ஓடி வந்த ரொனால்டோ அதைக் கோலாக்கினார். 2006-லே தங்கப் பந்து ஜிடேனுக்கு, கோப்பை இத்தாலிக்கு. ஜிடேன் எதிராளியின் நெஞ்சிலே தலையால் முட்டிவிட்டு, சிவப்பு அட்டை வாங்கி, கோப்பைக்குப் பக்கத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு நடந்து போனாரே, அந்த ஆட்டம்தான். 2010-லே உருகுவேயின் போர்லான். அவருடைய அணி நாலாவது இடம். 2014-லே மெஸ்சி, கோப்பை ஜெர்மனிக்கு. 2018-லே குரோஷியாவின் மோட்ரிச், கோப்பை பிரான்சுக்கு.

எண்ணிப் பாருங்கள் ஐயா. 1998 முதல் 2018 வரை தொடர்ந்து ஆறு உலகக் கோப்பை. ஆறு தடவையும் சிறந்த ஆட்டக்காரர் என்று பரிசு வாங்கியவர் ஒரு பக்கம், கோப்பை இன்னொரு பக்கம்! (கைதட்டல்)

இன்னொரு தங்கப் பந்து இருக்கிறது. ‘பாலோன் தோர்’ என்று பிரெஞ்சிலே சொல்வார்கள். ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை 1956-லே ஆரம்பித்த விருது. 1968-லே அதை வாங்கிய ஜார்ஜ் பெஸ்ட் வட அயர்லாந்துக்காரர். பந்து அவர் காலிலே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பார்கள். அந்த மனிதர் தன் வாழ்நாளிலே ஓர் உலகக் கோப்பை ஆட்டம்கூட ஆடவில்லை. 1995-லே அதே விருதை வாங்கிய ஜார்ஜ் வியா லைபீரிய நாட்டுக்காரர். அவரும் உலகக் கோப்பையிலே ஆடியதே இல்லை. பிற்காலத்திலே அவர் அந்த நாட்டுக்கே குடியரசுத் தலைவராகிவிட்டார். குடியரசுத் தலைவர் ஆக முடிந்தது. நாட்டின் அணியை உலகக் கோப்பைக்குக் கொண்டுபோக முடியவில்லை! (சிரிப்பு, கைதட்டல்) அவர் திறமையிலே குறையா? இல்லை. தனி மரம் தோப்பாகாது. அவ்வளவுதான் விஷயம்.

“மாரடோனா?” என்று எதிரணியிலே இருந்து ஒரு குரல் வருகிறது. வரட்டும். 1986-லே மாரடோனா கிட்டத்தட்ட ஒற்றை ஆளாக அர்ஜென்டினாவுக்குக் கோப்பையை வாங்கித் தந்தார். ஒப்புக்கொள்கிறேன். மறைக்க மாட்டேன். ஆனால் 24 வருஷம் கழித்து, 2010-லே, அதே மாரடோனா அதே நாட்டுக்குப் பயிற்சியாளர். கையிலே யார் இருக்கிறார்? முந்தின வருஷம் பாலோன் தோர் வாங்கிய மெஸ்சி. ஒரு மேதை மைதானத்திலே, ஒரு மேதை எல்லைக் கோட்டிலே! நடந்தது என்ன? காலிறுதியிலே ஜெர்மனியிடம் நாலுக்கு பூஜ்யம். அந்தப் போட்டி முழுவதும் மெஸ்சி ஒரு கோல்கூடப் போடவில்லை. அந்த வருஷம்தான் இன்டர் மிலான் அணி ஐரோப்பாவையே வென்றிருந்தது. அந்த அணியிலே ஆடிய அர்ஜென்டினாக்காரர்களிலே இரண்டு பேர் சனெட்டியும் காம்பியாசோவும். இரண்டு பேரையுமே மாரடோனா சேர்த்துக்கொள்ளவில்லை. ஆடத் தெரிந்தவருக்கெல்லாம் ஆள் பார்க்கத் தெரியும் என்று சட்டமா ஐயா?

“2022-லே மெஸ்சி ஜெயித்தாரே!” ஜெயித்தார். தங்கப் பந்தும் அவருக்கு, கோப்பையும் அவருக்கு. கண் குளிரப் பார்த்தோம். நான் கேட்கிறது ஒன்றுதான். 2006, 2010, 2014, 2018 என்று நாலு உலகக் கோப்பை. ஆடியது வேற மெஸ்சியா? இதே மெஸ்சிதானே! இளமையிலே, வேகத்திலே, உச்சத்திலே இருந்தபோது கிடைக்காத கோப்பை 35 வயதிலே எப்படிக் கிடைத்தது? அப்போது பயிற்சியாளர் ஸ்கலோனி. 2018-லே பொறுப்புக்கு வந்தபோது அவருக்கு ஒரு பெரிய அணியைத் தலைமைப் பயிற்சியாளராக நடத்திய அனுபவமே கிடையாது. மாரடோனாவே அவரைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். 2022-லே முதல் ஆட்டத்திலேயே சவூதி அரேபியாவிடம் தோல்வி. ரசிகர்கள் தலையிலே கை வைத்துக்கொண்டார்கள். அந்த மனிதர் பதறவில்லை. அடுத்த இரண்டு ஆட்டங்களுக்குள்ளே மெக் அலிஸ்டர், என்சோ பெர்னாண்டஸ், அல்வாரஸ் என்று மூன்று இளைஞர்களை முதல் பதினொன்றிலே கொண்டுவந்தார். மெஸ்சி ஓட வேண்டிய ஓட்டத்தையும் சேர்த்து ஓடுவதற்குக் கால்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். கல்யாணத்திலே மாப்பிள்ளை மாலையோடு சும்மா நிற்கலாம். பந்தியைப் பார்க்க, பந்தலைப் பார்க்க, சம்பந்தியைச் சமாளிக்க ஆள் வேண்டாமா? (சிரிப்பு) அந்த ஆளைப் போடுகிறவர்தான் பயிற்சியாளர்!

இனி, தம்பியைத் தண்ணீர் குடிக்க வைத்த அந்தக் கேள்விக்கு வருகிறேன். 1998. பிரான்சு. பயிற்சியாளர் பெயர் எமே ஜாக்கே. இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல எனக்கு அனுமதி வேண்டும், நடுவர் அவர்களே.

நடுவர்: சொல்லுங்க. மணி என் கையிலேதான் இருக்கு. (சிரிப்பு)

1993-ஆம் வருஷம். அடுத்த ஆண்டு அமெரிக்காவிலே உலகக் கோப்பை. பிரான்சு அதற்குத் தகுதி பெற இரண்டே ஆட்டம் பாக்கி. இரண்டுமே சொந்த ஊர் பாரிசிலே. வேண்டியது ஒரே ஒரு புள்ளி. ஒரு ஆட்டம் சமனானால்கூடப் போதும். முதல் ஆட்டம் இஸ்ரேலோடு. கடைசி நிமிடங்களிலே கோட்டை விட்டு 3–2 என்று தோற்றார்கள். அடுத்தது நவம்பர் 17, பல்கேரியா. எரிக் கன்டோனா முதல் கோல் போட்டார். பல்கேரியா திருப்பிப் போட்டது. ஒன்றுக்கு ஒன்று. 90-ஆவது நிமிடம். பந்து பிரான்சிடம். எதிராளியின் மூலையிலே பந்தை வைத்துக்கொண்டு சும்மா நின்றால் போதும், அமெரிக்காவுக்கு டிக்கெட். டேவிட் ஜினோலா என்ற அழகான ஆட்டக்காரர் அந்த நேரத்திலே பந்தைத் தூக்கி உள்ளே அடித்தார். அது யாருக்கும் கிடைக்காமல் பல்கேரியாவிடம் போயிற்று. சில விநாடிகளிலே கோஸ்தாதினோவ் கோல் போட்டார். 2–1. முடிந்தது கதை. ஒரு நாடே இடிந்து உட்கார்ந்தது. அப்போதைய பயிற்சியாளர் ஜினோலாவைப் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். பிறகு அவரும் விலகினார்.

அந்தச் சாம்பலிலே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள் ஜாக்கேயை. யார் இவர்? சின்ன வயதிலே ஆலையிலே இயந்திரம் ஓட்டிக்கொண்டே பந்து ஆடியவர். மேடைப் பேச்சு வராது. பளபளப்பு கிடையாது. பத்திரிகைக்காரருக்குப் பிடிக்கிற மாதிரி நாலு வார்த்தை சொல்லத் தெரியாது. நம்ம ஊரிலே சொல்வார்களே, “வாயில்லாப் பூச்சி”, அந்த ரகம்.

வந்தவர் கன்டோனாவையே தலைவராக்கினார். 1995 ஜனவரியிலே இங்கிலாந்திலே ஒரு ஆட்டத்திலே கன்டோனா, தன்னைத் திட்டிய ரசிகர் ஒருவரை எகிறிப் பாய்ந்து உதைத்துவிட்டார். பல மாதத் தடை. அந்த இடைவெளியிலே ஜாக்கே ஜிடேன், ஜோர்காயெஃப் என்று இளைஞர்களை வைத்து ஒரு புது அணியைக் கட்டிவிட்டார். கன்டோனா தடை முடிந்து திரும்பி வந்தார். சும்மா வரவில்லை. 1996-லே இங்கிலாந்தின் கால்பந்து எழுத்தாளர்கள் கொடுக்கிற சிறந்த ஆட்டக்காரர் விருதோடு வந்தார்! நாடே கேட்டது, “கன்டோனா எங்கே? ஜினோலா எங்கே?” ஜாக்கே இரண்டு பேரையும் எடுக்கவில்லை.

பிரான்சிலே அப்போது ஜனத்தொகை கிட்டத்தட்ட ஆறு கோடி. ஆறு கோடியும் பயிற்சியாளர்! (சிரிப்பு) டீக்கடையிலே நம்ம ஆட்கள் அணி பிரிக்கிற மாதிரி, அங்கே காபிக் கடையிலே அணி பிரித்தார்கள். ‘லெக்கிப்’ என்ற பெரிய விளையாட்டுப் பத்திரிகை மாதக்கணக்காக அவரை வறுத்தெடுத்தது. 1998-லே அவர் 28 பேரை முகாமுக்கு அழைத்தார். கணக்கு 22 தான். ஆறு பேரைத் திருப்பி அனுப்ப வேண்டும். உலகக் கோப்பை சொந்த மண்ணிலே நடக்கிறது. வாசல் வரைக்கும் வந்தவனை “நீ போப்பா” என்று சொல்ல வேண்டும். அந்த ஆறு பேரிலே ஒருவர் 19 வயது அனெல்கா. அந்த வருஷம் இங்கிலாந்திலே இரண்டு கோப்பை வென்ற ஆர்சனல் அணிக்காரர். அவரை அனுப்பிவிட்டு, 20 வயது ஹென்றியை வைத்துக்கொண்டார். ஏச்சு இன்னும் கூடியது.

போட்டி தொடங்கியது. இரண்டாவது ஆட்டத்திலே ஜிடேனுக்குச் சிவப்பு அட்டை. அடுத்த இரண்டு ஆட்டம் அவர் கிடையாது. எதிரணி நண்பர்களே, கவனமாகக் கேளுங்கள். உங்கள் தனி வீரர் இல்லாத அந்த இரண்டு ஆட்டத்திலும் பிரான்சு ஜெயித்தது! டென்மார்க்கை ஜெயித்தது. பராகுவேயை ஜெயித்தது. பராகுவேக்கு எதிராக, கூடுதல் நேரத்திலே, 113-ஆவது நிமிடத்திலே கோல் போட்டவர் யார்? லொரான் பிளாங். பின்களத்து ஆள்! காலிறுதியிலே இத்தாலியைப் பெனால்டியிலே வென்றார்கள். அரையிறுதியிலே குரோஷியா முதல் கோல் போட்டது. பின்களத்திலே துராம் நின்ற இடம் சரியில்லாததாலே விழுந்த கோல் அது. அடுத்த நிமிடமே துராம் பாய்ந்து போய் ஒரு கோல் போட்டார். அப்புறம் இன்னொன்று. 2–1. அந்தத் துராம் பிரான்சு நாட்டுக்காக மொத்தம் 142 ஆட்டம் ஆடினார். அத்தனை ஆட்டத்திலும் சேர்த்து அவர் போட்டது எத்தனை கோல் தெரியுமா? அன்றைக்குப் போட்ட அந்த இரண்டே இரண்டுதான்! (கைதட்டல்) தன் தப்பைத் தானே திருத்திக்கொள்ளுகிற துணிவு ஒரு ஆளுக்கு எப்போது வரும்? “உன்னை நம்பித்தான் போட்டிருக்கேன்” என்று ஒருத்தர் பின்னாலே நிற்கும்போது வரும்.

இறுதி ஆட்டம் ஜூலை 12. எதிரே பிரேசில். ரொனால்டோவுக்கு அன்று மதியம் வலிப்பு வந்தது. முதலில் கொடுத்த ஆட்டக்காரர் பட்டியலிலே அவர் பெயர் இல்லை. அப்புறம் அவர் பெயரைச் சேர்த்துக் களமிறக்கினார்கள். பெரிய பெயர் ஆயிற்றே, விட மனசு வரவில்லை! பிரான்சு முகாமிலே ஜாக்கே என்ன செய்தார்? “கார்னர் பந்து வரும்போது பிரேசில்காரன் ஆளை ஒழுங்காகக் காவல் பார்ப்பதில்லை” என்று தன் பையன்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். ஜிடேன் போட்ட இரண்டு கோலும் கார்னர் பந்து. இரண்டும் தலையாலே. 3–0. முட்டிய தலை ஜிடேனுடையது. அது யாருடைய மூளை ஐயா? (பலத்த கைதட்டல்)

ஒரு கொசுறுச் செய்தி. அந்த அணியின் முன்கள ஆட்டக்காரர் கிவார்ஷ். கோல் போடுவதுதான் அவர் வேலை. அந்த வருஷம் பிரெஞ்சு லீகிலே அதிகக் கோல் போட்டவர். உலகக் கோப்பையிலே அவர் போட்டது பூஜ்யம். 20 வருஷம் கழித்து 2018-லே பிரான்சு மறுபடியும் கோப்பை வாங்கியது. பயிற்சியாளர் யார்? ஜாக்கே அணிக்குத் தலைவராக ஆடிய தெஷாம்! அப்போதும் முன்களத்திலே ஜிரூ ஒரு கோலும் போடவில்லை. அவர் இடம் பிடித்துக் கொடுத்தார். மற்றவர் கோல் போட்டார். பருப்பு தெரிகிற மாதிரியா சாம்பாரிலே பெருங்காயம் தெரிகிறது? இல்லாதபோதுதானே தெரியும்!

சரி, நட்சத்திரமாகவே சேர்த்தால் என்ன ஆகும்? அதற்கும் பிரான்சே சாட்சி. 2002. ஹென்றி இங்கிலாந்து லீகிலே அந்தப் பருவத்தின் அதிகக் கோல்காரர். இத்தாலி லீகிலே முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர் த்ரெசெகே. பிரெஞ்சு லீகிலே முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர் சிசே. மூன்று நாட்டுக் கோல் மன்னர்கள் ஒரே அணியிலே! மூன்று ஆட்டம் ஆடினார்கள். மொத்தக் கோல் பூஜ்யம். முதல் சுற்றிலேயே பெட்டியைக் கட்டினார்கள். “ஜிடேனுக்குக் காயம், முதல் இரண்டு ஆட்டம் ஆடவில்லை” என்பீர்கள். 1998-லேயும் இரண்டு ஆட்டம் ஆடவில்லையே! அப்போது ஜெயித்தார்களே! (கைதட்டல்)

வள்ளுவப் பேராசான் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமே எழுதி வைத்தார். 52-ஆவது அதிகாரம். எந்த வேலைக்கு எந்த ஆள் பொருந்துவான் என்று முதலிலே பார். பார்த்த பிறகு அந்த வேலையை அவன் பொறுப்பிலேயே விடு என்பது அதன் சாரம். ஜாக்கே குறள் படித்தவர் இல்லை. ஆனால் செய்தது அதைத்தான்.

கம்பனுக்கு வாருங்கள். மகேந்திர மலை. எதிரே கடல். வானரங்கள் எல்லாம் ஆளுக்கொரு தூரம் சொல்லி, “எனக்கு முடியாது” என்று நிற்கின்றன. அனுமனும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். கிழட்டுச் சாம்பவான் எழுந்து, “உன் ஆற்றல் உனக்குத் தெரியாது அப்பா, உன்னாலே முடியும்” என்று எடுத்துச் சொல்கிறான். கடலைத் தாண்டியது அனுமன்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் இத்தனை பேரிலே இவன்தான் என்று கண்டவன் சாம்பவான். அவன் மட்டும் வாய் திறக்கவில்லை என்றால் சுந்தர காண்டமே இல்லை ஐயா! (பலத்த கைதட்டல்)

இந்தக் கதை வெளிநாட்டோடு முடியவில்லை. நம் நாட்டிலேயே ஒரு சாம்பவான் இருந்தார். ஐதராபாத்துக்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர், சையது அப்துல் ரஹீம். 1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. அவர் உடம்பிலே அப்போதே புற்றுநோய். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் இந்தியா தோற்றது. ஜர்னைல் சிங் என்ற பின்கள ஆட்டக்காரருக்குத் தலையிலே அடிபட்டுத் தையல். யாராக இருந்தாலும் அவரை உட்கார வைத்திருப்பார்கள். ரஹீம் அவரை முன்களத்துக்கு அனுப்பினார்! அரையிறுதியிலும் கோல், இறுதியிலும் கோல். அதே தென்கொரியாவை 2–1 என்று வென்று இந்தியாவுக்குத் தங்கம். அன்றைக்குக் கோல் வாசலிலே நின்றவர் பீட்டர் தங்கராஜ். காய்ச்சலோடு நின்றார். அவர் யார்? நம்ம நீலகிரி வெலிங்டனிலே இருக்கிற மதராஸ் ரெஜிமென்ட் அணியிலே சேர்ந்தபோது முன்கள ஆட்டக்காரர்! அங்கேதான் கோல்கீப்பராக மாறினார். முன்னாலே இருந்தவர் பின்னாலே. பின்னாலே இருந்தவர் முன்னாலே. தங்கம் கழுத்திலே! அடுத்த வருஷமே ரஹீம் காலமாகிவிட்டார். தங்கப் பதக்கம் பதினொரு பேருக்கு உண்டு. ஆள் போட்டவருக்கு எந்த மேடையிலே தங்கப் பந்து?

(மணி ஒலிக்கிறது)

முடித்துவிடுகிறேன் ஐயா. ஒரே ஒரு சொந்த விஷயம். பல வருஷத்துக்கு முன்னாலே, நான் வேலை பார்த்த கல்லூரியிலே, பேச்சுப் போட்டிக்கு மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பு எனக்கு வந்தது. ஒரு பையன் இருந்தான். அவனைப் போலப் பேச அந்த மாவட்டத்திலேயே ஆள் இல்லை. அறை நிறையக் கோப்பை. ஆனால் அது மூன்று பேரும் சேர்ந்து ஒரே வாதத்தை வளர்க்கிற போட்டி. இவன் மற்றவன் பேசும்போது காது கொடுக்க மாட்டான். அவன் சொன்ன கருத்தையே இவனும் எழுந்து சொல்லிக் கைதட்டு வாங்குவான். நான் மூன்று ராத்திரி தூங்கவில்லை. நாலாம் நாள் அவனை அறைக்குக் கூப்பிட்டேன். அறிவிப்புப் பலகையைப் பார்த்து அவன் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்தேன். “உன்னை எடுக்கலைப்பா. காரணம் இது” என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கண் மட்டும் நிறைந்தது. எழுந்து போய்விட்டான்.

கோப்பை வாங்கினோமா? இல்லை ஐயா. இரண்டாம் பரிசு. “அவன் இருந்திருந்தா முதல் பரிசு” என்று கல்லூரியே சொன்னது. அது உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தேர்ந்தெடுக்கிறவன் சுமக்கிற சுமை அதுதான். ஜெயித்த ஜாக்கேயின் கதை புத்தகத்திலே வரும். தோற்றிருந்தால்? ஆறு பேர் வீட்டிலே ஆறு தாயின் கண்ணீருக்கு அவர் ஒருவர்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

பத்து வருஷம் கழித்து அந்தப் பையன் என் வீட்டுக்கு வந்தான். அவனும் ஆசிரியராகிவிட்டான். “ஐயா, இப்ப எங்க பள்ளிக்கூடத்து அணிக்கு நான்தான் ஆள் எடுக்கிறேன். எடுக்காத பையனைக் கூப்பிட்டு நேரிலே சொல்லிடுறேன். அது உங்ககிட்டே கத்துக்கிட்டது” என்றான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாசல் வரை போனவன் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: “ஆனா ஐயா, அன்னைக்கு என்னை விட்டது தப்புதான் ஐயா!” (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

சொல்லட்டும். சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. ஜாக்கே விட்ட ஜினோலாவும் மோசமான ஆட்டக்காரர் இல்லை. பிரான்சு கோப்பை வாங்கிய அடுத்த பருவத்திலேயே இங்கிலாந்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதுகளை வாங்கினார். தகுதி உள்ளவர்களிலேயே சிலரை விட்டால்தான் அணி அமைகிறது. அந்த வலியைத் தாங்கி, ஏச்சையும் தாங்கி, நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாமலே முடிவெடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார். ஜாக்கே கோப்பை வாங்கியதும் அந்தப் பத்திரிகையை மன்னிக்க மாட்டேன் என்று சொன்னார். பதவியை விட்டு விலகியும் போனார். மேதைகள் எல்லா நாட்டிலும் பிறக்கிறார்கள். பெஸ்ட் பிறந்தார், வியா பிறந்தார். அவர்களைச் சுற்றி அணியாகப் பதினொரு பேரை நிறுத்துகிற ஆள் கிடைத்த நாட்டுக்குத்தான் கோப்பை கிடைக்கிறது.

ஆகவே நடுவர் அவர்களே, கோல் போட்டவருக்குக் கைதட்டுவோம், தாராளமாகத் தட்டுவோம். தீர்ப்பை மட்டும் ஆள் போட்டவர் பக்கம் தாருங்கள். வீட்டிலே பார்த்துக்கொண்டிருக்கிற ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டிலே கத்தரிக்காயைப் பாராட்டாதீர்கள். சமைத்தவரைப் பாராட்டுங்கள்! (சிரிப்பு, கைதட்டல்)